கெடு முடிந்தால் அக்ரிமென்ட்டும் முடிந்துவிடுமா?

கேள்வி:

நாங்கள் வண்டியூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். போன தை மாதக் கடைசியில், தெரிந்த ஒருவரிடம் ரிங் ரோட்டுப் பக்கம் மூன்று சென்ட் மனையை 30 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். அட்வான்ஸ் 5 லட்சம் கொடுத்தோம். அதில் மூன்றரை லட்சம் பேங்க் மூலம், ஒன்றரை லட்சம் கையில். பத்திரத்தாளில் அக்ரிமென்ட் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கினோம். ரிஜிஸ்டர் பண்ணவில்லை. ஆறு மாதக் கெடு. நாங்கள் தவறினால் அட்வான்ஸ் போய்விடும், அவர் தவறினால் அதை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

கெடு முடிகிற சமயம் ஆடி வந்துவிட்டது. “ஆடியில பத்திரம் வேண்டாம்மா, ஆவணியில முடிச்சுக்குவோம்” என்று அவரே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். ஆவணியில் கேட்டால், இடம் இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது, அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஒத்துவரவில்லை என்றார். ஐப்பசியில், 36 லட்சம் தந்தால் அக்காவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். இப்போது கார்த்திகை. “கெடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, அக்ரிமென்ட் செத்துப்போச்சு, அட்வான்ஸும் கிடையாது” என்கிறார். பாக்கி 25 லட்சத்தில் 15 லட்சத்துக்கு பேங்க் லோன் சொல்லி வைத்திருக்கிறோம். மீதிக்கு நகையும் சீட்டுப் பணமும் இருக்கிறது. போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்கிறார் என் கொழுந்தனார். அக்ரிமென்ட் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? இடம் கிடைக்குமா, இரட்டிப்புப் பணமாவது கிடைக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வண்டியூர்

பதில்:

அக்ரிமென்ட் முடியவில்லை, அம்மா. முதலில் அதை மனதில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மேலே படியுங்கள். ஆனால் இன்னும் சில மாதம் நீங்கள் பேசாமல் இருந்தால், அவர் சொல்வது உண்மையாகிவிடக்கூடும். உங்கள் வழக்கின் பலமும் ஆபத்தும் காலத்தில்தான் இருக்கின்றன.

ஒப்பந்தக் கடமை எப்படி முடியும் என்பதை 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அவர் கிரயம் எழுதித் தந்து, நீங்கள் பாக்கியைக் கொடுத்தால் கடமை நிறைவேறி முடியும். இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்று விட்டாலோ, பழையதை மாற்றிப் புதிதாக ஒன்று எழுதினாலோ முடியும். இது 62-ஆவது பிரிவு. யார் மேலும் பழி சொல்ல முடியாத காரணத்தால் காரியமே நடக்க முடியாமல் போனால் முடியும். இது 56-ஆவது பிரிவு. கடைசியாக, ஒருவர் மொத்தமாக மறுத்துவிட்டால், எதிர்த்தரப்பு ‘சரி, இத்தோடு முடித்துக்கொள்கிறேன்’ என்று அறிவிக்கலாம்; இது 39-ஆவது பிரிவு. இந்தக் கடைசி வழியைக் கவனியுங்கள். முடித்துக்கொள்வதா, நடத்திக் கொடு என்று நிற்பதா என்று தீர்மானிக்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்குத்தான் உண்டு. வாக்கு மீறியவரே ‘நான் மீறிவிட்டேன், ஆகவே ஒப்பந்தம் இல்லை’ என்று சொல்லச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நீங்கள் முடித்துக்கொள்வதாக அறிவித்தாலும், நஷ்டஈடு கேட்கிற உரிமை 75-ஆவது பிரிவின்படி உங்களிடம்தான் இருக்கும்.

அவர் கெடுவைக் காட்டுகிறாரே என்றால், அந்தக் கெடுவைத் தள்ளிவைத்தவரே அவர்தான். யாருக்குச் செய்வதாக வாக்குக் கொடுக்கப்பட்டதோ, அவர் நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துக் கொடுக்கலாம் என்கிறது 63-ஆவது பிரிவு. நீங்கள் ஆடிக்குள் பாக்கியைத் தர வேண்டும் என்பது அவருக்கான வாக்கு. ஆவணியில் முடிப்போம் என்று அவரே சொன்னபோது அந்தக் காலத்தை நீட்டிவிட்டார், நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு, ஆடியில் நீங்கள் பணம் கொண்டுவரவில்லை என்று அவர் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஆடியில் பத்திரம் போடத் தயங்குவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால், அந்தப் பேச்சு இயல்பானது என்று நீதிபதிக்கும் புரியும்.

ஆகவே அந்த வாய்ஸ் மெசேஜ்தான் இன்று உங்களிடம் இருக்கிற பெரிய சாட்சி. அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். மெசேஜ் தானாக அழிகிற வசதி போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். போனைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் வேலை.

இனி, நான் உங்களை அவசரப்படுத்துவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். நம் மதுரையில் நடந்த ஒரு வழக்கு அது. கிரய அக்ரிமென்ட் வழக்குகளில் இந்தியா முழுவதும் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1978 டிசம்பர் 15 அன்று மதுரை நகரில் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்கு விற்க அக்ரிமென்ட் போட்டார்கள். அட்வான்ஸ் 5,000 ரூபாய். ஆறு மாதத்துக்குள் முத்திரைத்தாள் வாங்கி, பாக்கியைக் கொடுத்து, கிரயம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. 1979 ஜூன் 15-இல் கெடு முடிந்தது. வாங்க வந்தவர் நோட்டீஸ் அனுப்பியது 1981 ஜூலை 11 அன்று. அதற்குள் மதுரையில் இடத்தின் விலை எங்கோ போய்விட்டது. மூன்று மடங்கு என்றார்கள் விற்பவர்கள். வித்யானந்தம் எதிர் வைரவன் என்ற அந்த வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலம், வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் கெடு அவ்வளவு கறாரானதில்லை என்பது விலைவாசி நிலையாக இருந்த காலத்தில் உண்டான விதி. நகரத்துச் சொத்துக்கு அதைத் தளர்த்த வேண்டிய காலம் வந்துவிட்டது என்றது. இரண்டரை வருடம் எதுவும் செய்யாமல் இருந்தவருக்கு வீட்டைக் கிரயம் செய்து தரும்படி உத்தரவிட மறுத்தது.

அவர் வழக்குப் போட்டது மூன்று வருடக் காலவரம்புக்குள்தான். 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 54-ஆவது இனம் அந்த மூன்று வருடத்தைத் தருகிறது. அதை நம்பிப் பலரும் ‘மூணு வருஷம் இருக்கே’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அது நீதிமன்றக் கதவு திறந்திருக்கிற காலம் மட்டும்தான். உள்ளே போனதும், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். 2011-இல் சென்னைப் பக்கத்து நிலம் ஒன்றைப் பற்றிய சாரதாமணி கந்தப்பன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னது.

அந்தத் தீர்ப்புகள் வந்த பிறகு சட்டம் ஓரளவு வாங்குபவர் பக்கம் வந்திருக்கிறது என்பதும் உண்மை. ஒப்பந்தப்படியே நடத்திக் கொடு என்று உத்தரவிடுவதை நம் கோர்ட்டுகளில் ‘ஏற்றதை ஆற்றுதல்’ என்போம். அதற்கான 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தை, வக்கீல்கள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்று சொல்வதை, 2018-இல் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. முன்பு இந்தப் பரிகாரத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. இப்போது, சட்டம் சொல்லும் சில விலக்குகள் தவிர, கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த விலக்குகளில் 16-ஆவது பிரிவு அப்படியே நிற்கிறது: வாங்குபவர் தொடக்கம் முதல் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். தயார் என்றால் பணத்துக்கு வழி இருக்க வேண்டும். விருப்பம் என்றால் நடவடிக்கையில் தெரிய வேண்டும். 25 லட்சத்தையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டத் தேவையில்லை. கோர்ட் சொன்னாலொழியப் பணத்தைக் கட்டிவைக்க வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. ஆனால் வழி இருந்தது என்று காட்ட வேண்டும். பேங்கில் லோன் மனுக் கொடுத்த தேதியுள்ள கடிதம், சீட்டுப் பாஸ்புக், நகைக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு எல்லாவற்றையும் இன்றே ஒரு கவரில் போட்டு வையுங்கள். லோன் வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால், நாளைக்கே எழுத்தில் மனுக் கொடுங்கள்.

இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில், சேர்த்ததற்கான ஒப்புகையோடு. ஆடியில் பேசியது, ஆவணியில் சொன்னது, ஐப்பசியில் கூடுதல் விலை கேட்டது எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கட்டும். பாக்கித் தொகையுடன் இன்ன தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறோம், நீங்களும் வாருங்கள் என்று பதினைந்து நாள் தள்ளி ஒரு நாளைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த நாளில் கட்டாயம் போங்கள், சாட்சிக்கு ஆளோடு போங்கள். அவர் வராவிட்டால் மறுத்தது யார் என்பது காகிதத்தில் நின்றுவிடும்.

ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமென்ட் செல்லாது என்று எதிர்த்தரப்பில் நிச்சயம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய அக்ரிமென்ட்டைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்தான். ஆனாலும் ஏற்றதை ஆற்றும் வழக்கில் அதை ஒப்பந்தத்துக்கான சாட்சியமாக ஏற்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 49-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இதை உறுதி செய்தது. எனவே வழக்குப் போட முடியும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவாகாததால் உங்கள் அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் வராது. விவரம் தெரியாத இன்னொருவர் முழு விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிவிட்டால், அவரிடமிருந்து இடத்தை மீட்க முடியாது. அதனால் நோட்டீஸோடு சேர்த்து, நம் ஊரில் அதிகம் விற்கிற ஒரு தமிழ் நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுத்துவிடுங்கள். வழக்குப் போடும் நாளிலேயே, யாருக்கும் விற்கக் கூடாது என்று தற்காலிகத் தடை உத்தரவும் கேட்க வேண்டும்.

அடுத்தது அக்கா விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு. அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடாத அக்காவை அது கட்டுப்படுத்தாது. தம்பியின் பங்கை மட்டும், அதற்குரிய விலையைக் கொடுத்து, மீதிக்கான உரிமையை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ள ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்டின் 12-ஆவது பிரிவு வழி சொல்கிறது. மூன்று சென்ட்டில் பிரிக்கப்படாத பாதியை வாங்கி, அப்புறம் அக்காவோடு பாகப்பிரிவினை வழக்கு நடத்துவதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். தையலிலும் பூவிலும் சேர்த்த காசு அதற்குத் தாங்காது.

அக்கா சம்மதிக்காததால் விற்க முடியாமல் போயிற்று, ஆகவே ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி ஒப்பந்தம் முடிந்தது என்று அவர் சொல்லலாம். அது நிற்காது. 1954-இல் சத்யபிரத கோஷ் வழக்கில், உலகப் போரின்போது அரசாங்கம் மனைகளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டதைக்கூட ஒப்பந்தத்தை முறிக்கும் காரணமாக உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் சொத்தில் அக்காவுக்குப் பங்கு இருப்பது விற்பவருக்குத் தையிலேயே தெரியும், தெரிந்திருக்க வேண்டும். ஒன்றைச் செய்ய முடியாது என்று தெரிந்தும், அது தெரியாதவருக்கு வாக்குக் கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று அதே 56-ஆவது பிரிவின் கடைசிப் பத்தி சொல்கிறது. அவர் கேடயமாகத் தூக்குகிற பிரிவு அவர் மேலேயே திரும்புகிறது.

பணத்துக்கு வருவோம். அட்வான்ஸ் கிடையாது என்கிறாரே, அந்த நிபந்தனை நீங்கள் தவறினால்தான். தவறியது அவர். 5 லட்சம் திரும்ப வேண்டும், வட்டியோடு கேட்கலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, நீங்கள் கொடுத்த பணத்துக்கு அந்த மனையில் அவருக்குள்ள பங்கின் மேலேயே உங்களுக்குப் பொறுப்புரிமை உண்டு. ஒன்றரை லட்சம் ரொக்கமும் அக்ரிமென்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மனைக்கு அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி. அபராதம் வாங்கியவர் மேல்தான். வக்கீலிடம் இதை மறைக்காதீர்கள்.

இரட்டிப்புத் தொகை தானாகக் கைக்கு வராது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈட்டைத்தான் நீதிமன்றம் தரும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. 1963-இல் உச்ச நீதிமன்றம் பதே சந்த் வழக்கில் இதை விளக்கியது. 1,12,500 ரூபாய்க்குப் பேசிய டெல்லி பங்களா அது. தவறியவர் வாங்க வந்தவர்தான். அப்படியிருந்தும் விற்பவர் வைத்துக்கொள்ள முடிந்தது ஈட்டுப்பணமான 1,000 ரூபாயை. மேற்கொண்டு வாங்கிய 24,000 ரூபாயை, நஷ்டத்தை நிரூபிக்காமல் வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. உங்கள் கணக்கைப் பாருங்கள். அவர் மறுத்த நாளில் அதே போன்ற மனை 36 லட்சம் என்று நிரூபித்தால் உங்கள் நஷ்டம் 6 லட்சம். எழுதிய கூடுதல் தொகை 5 லட்சம் என்பதால் அந்த 5 லட்சம் வரை நியாயமாகக் கேட்கலாம். ‘36 தாருங்கள்’ என்று அவர் கேட்டது வாட்ஸ்அப்பில் இருந்தால், விலை ஏற்றத்துக்கு அவர் வாயே சாட்சி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் நடந்த கிரயங்களின் நகல்களையும் எடுத்து வையுங்கள். மனம் நொந்தது போன்றவற்றுக்கு 73-ஆவது பிரிவில் பணம் கிடைப்பது அரிது. மீறலால் நேராக விளைந்த நஷ்டமும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டமும்தான் கணக்கில் வரும்.

‘இரட்டிப்பைத் தருகிறேன், இடத்தைக் கேட்காதே’ என்று அவர் திடீரென்று வந்தாலும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. வாக்கைக் காப்பாற்ற வைப்பதற்காக எழுதிய தொகை, இடத்தைக் கேட்கும் உரிமையை அடைக்காது என்கிறது ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்டின் 23-ஆவது பிரிவு. வழக்கில் முதல் பரிகாரமாகக் கிரயத்தையும், அது கிடைக்காவிட்டால் அட்வான்ஸையும் நஷ்டஈட்டையும் கேளுங்கள். அட்வான்ஸைத் தனியாகக் கேட்டு எழுதாவிட்டால் நீதிமன்றம் தானாகத் தராது. 22-ஆவது பிரிவு அப்படி. கிரயம் கேட்டால் கோர்ட் கட்டணம் முழு விலையின் மேல் 3 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் என்பதையும் மனதில் வையுங்கள்.

கொழுந்தனார் அன்பில் சொல்கிறார். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். பின்னால் மனம் மாறி வாக்கு மீறுவது சிவில் வழக்கு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் மாதக்கணக்கில் கழியும் நேரம், மதுரை வீட்டு வழக்கில் கழிந்த நேரத்தைப் போலவே உங்களுக்கு எதிராகப் போகும்.

பெண் என்பதால் உங்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை இது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் போன கையோடு, உங்கள் வீட்டுக்காரரையும் ஊரில் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அந்த அக்காவை நேரில் பாருங்கள். 30 லட்சத்துக்குப் பேச்சு நடந்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 36 என்பது யார் கேட்ட விலை என்பதும் அங்கே தெரியும். அவர் சம்மதித்து, விலையில் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க உங்களுக்கும் முடியுமென்றால், பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதி முடிக்காதீர்கள். அக்கா, தம்பி இருவரும் கையெழுத்துப் போட்ட புது அக்ரிமென்ட்டாக எழுதி, கொடுத்த 5 லட்சத்தை அதில் வரவு வைத்து, அன்றே ரிஜிஸ்டர் செய்யுங்கள்.